தெரிந்தவர் மூலம் வரும் வேலை: மறுப்பதா, நிபந்தனையோடு ஏற்பதா?

கொழும்பில் ஓரளவு வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆங்கில மொழிமூலத்தில் படித்தவர்கள் பலருக்கு, வேலை விளம்பரம் பார்த்து வருவதில்லை. "பிள்ளை, சீவியை மட்டும் அனுப்பி விடுங்கோ" என்று அப்பாவோடு படித்த ஒருவர் போனில் சொன்னாலே பாதிக் காரியம் முடிந்துவிடும். எனக்கும் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் இடம் அப்படித்தான் வந்தது. யோசித்து, நிபந்தனையோடு ஏற்றேன். இப்போதும் அதுவே சரி என்று நினைக்கிறேன்.

பேசாமல் ஏற்றுக்கொண்டு, சம்பளத்தில் ஒரு பங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பிள்ளை படித்து முடித்து வேலை தேடி வரும்போது, ஆள் எடுக்கும் முறை பழையபடியே இருக்கும். அதனால் அதை இங்கே போட்டிக்கு எடுக்கவில்லை.

மறுப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது, மனமும் லேசாகும். என்னைத் தடுத்தது ஒரே ஒரு கேள்வி: நான் விலகினால் அந்த இடம் யாருக்குப் போகும்? கேட்டே பார்த்தேன். இன்னொரு நண்பரின் மகனுக்கு. அவனும் கொழும்பு வெள்ளவத்தைதான், அவனும் ஆங்கில மொழிமூலம். விளம்பரமே போடாத வெற்றிடம் மலையகத்து ஹட்டனில் இருப்பவருக்குத் தெரியவே வராது. நான் மறுத்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது, எங்கள் வட்டத்துக்குள்ளேயே கதிரை கைமாறும், அவ்வளவுதான்.

பல்கலைக்கழக அனுமதியில் இந்தச் சமனின்மையைப் பற்றி நாடு எப்போதோ பேசத் தொடங்கிவிட்டது. பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பல்கலைக்கழகம் நுழையத் தமிழ்மொழிமூல மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட 1970களின் தரப்படுத்தலில் தமிழ் மாணவர்கள் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை; அதை மறந்து இதை எழுதவில்லை. ஆனாலும் தமிழர் என்பதால் நாம் இழந்தது ஒன்று, கொழும்புத் தமிழர் என்பதால் பெற்றது இன்னொன்று. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைக்க எனக்கு மனமில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி தாண்டிப் பட்டமும் பெற்று வருபவருக்குத் தனியார் வேலையில் அப்படியொரு ஏற்பாடு கிடையாது. அங்கே தெரிந்தவர்தான் எல்லாம்.

அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டேன்: எனக்குக் கீழே வரும் இடங்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விளம்பரம் போட வேண்டும், முதல் சுற்று நேர்முகத்தைப் போனிலேயே, விண்ணப்பிப்பவர் விரும்பும் மொழியில் நடத்த வேண்டும், படிவத்தில் பாடசாலைப் பெயர் கேட்கக் கூடாது. இவற்றுக்கு அதிகம் யோசிக்காமல் சம்மதித்தார்கள்.

இழுபறி பயிலுநர் கொடுப்பனவில்தான். அங்கே பயிலுநருக்கு முதல் மூன்று மாதம் சம்பளமில்லை. கொழும்பில் அம்மா சமைத்துப் போட, சொந்த வீட்டிலிருந்து பஸ் ஏறுபவருக்கு மூன்று மாதம் பெரிய விஷயமில்லை. ஹட்டனிலிருந்து வருபவர் போர்டிங்குக்கு முற்பணம் கட்ட வேண்டும், மாத வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, பஸ் காசு எல்லாம் பார்க்க வேண்டும். தோட்டத்தில் நாட்சம்பளம் வாங்கும் குடும்பம் இதை எங்கே போய்ப் புரட்டும்? மூன்று மொழியில் விளம்பரம் போட்டும் இந்த மூன்று மாதத்தை அப்படியே விட்டால், கடைசியில் வந்து சேர்பவர் மறுபடியும் வெள்ளவத்தைக்காரராகத்தான் இருப்பார். கடைசியில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான தொகை தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். சேர்ந்த பிறகு கேட்டிருந்தால் "பார்ப்போம்" என்பதோடு போயிருக்கும். அவர்கள் நம்மை வேண்டும் என்று நினைக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் நம் பேச்சுக்கு விலை.

இதனால் நான் வந்த வழி நியாயமாகிவிடவில்லை. திறந்த போட்டி நடந்திருந்தால் அந்த இடம் வேறு யாருக்காவது போயிருக்கலாம். பெரிய கம்பனிகளில் இப்படி நிபந்தனை பேச முடியுமா என்பதில் எனக்கு அனுபவமில்லை. அரச வேலையில் சிபாரிசு என்றால் இந்தக் கணக்கே பொருந்தாது; பொதுப்பணத்தில் வரும் இடம், அங்கே மறுப்பதுதான் முறை. வீட்டில் உழைப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் இவ்வளவு பேரம் பேச இடமிருக்காது, அதுவும் புரிகிறது.

நிபந்தனை எதற்குமே ஒத்துக்கொள்ளாவிட்டால்? அப்போது நானும் மறுப்பவர்கள் பக்கம்தான். ஆனால் "வேறு வேலை கிடைத்துவிட்டது" என்று நழுவ மாட்டேன். ஏன் வரவில்லை என்பதை அந்த அங்கிளிடமே சொல்லிவிட்டுத்தான் விலகுவேன்.