11 நாளில் பல் பிடுங்கப்பட்ட கார்டு

போன மாதம் ஒரு மொபைல் கார்டு கேமில் 1,799 ரூபாய் விட்டேன். கேமின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும். நீங்களும் இப்படி ஒன்றை ஆடுகிறவர் என்றால், காசு கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

புது விரிவாக்கம், அதாவது புதுக் கார்டுகளின் வரிசை, வந்த வாரம். ஒரு லெஜண்டரி கார்டு (மிக அரிய வகை) எல்லோரையும் துவைத்து எடுத்தது. 4 மானாவுக்குக் (கார்டை இறக்கச் செலவாகும் சக்தி, சுற்றுக்கு ஒன்றாகக் கூடும்) களத்தில் இறங்கும், இறங்கும்போதே எதிராளி கையிலிருந்து ஒரு கார்டைத் தூக்கிவிடும், அடுத்த சுற்றில் நமக்குக் கூடுதலாக ஒன்று. 4 மானாவுக்கு இது அநியாயம் என்று முதல் ஆட்டத்திலேயே தெரிந்தது. எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் இறக்கினார்கள். சேர்த்து வைத்திருந்த பேக்குகளை (என்ன கார்டு வரும் என்று பிரித்தால்தான் தெரியும்) எல்லாம் பிரித்தேன், வரவில்லை. அப்புறம்தான் அந்தக் கார்டு கட்டாயம் கிடைக்கும் என்று ஒரு சிறப்புத் தொகுப்பு கடையில் முளைத்தது. மூலையில் நேரம் வேறு குறைந்துகொண்டே இருந்தது.

சித்தி மகன் எச்சரித்தான். "அண்ணா, அவசரப்படாதீங்க, இத எப்படியும் நெர்ஃப் பண்ணிடுவாங்க." நெர்ஃப் என்றால் கார்டின் பலத்தைக் குறைப்பது. நான் கேட்கவில்லை. யுபிஐயில் தட்டிவிட்டேன். அதோடு விட்டேனா? அந்தக் கார்டைச் சுற்றி டெக் (ஆட எடுத்துப்போகும் கார்டுக் கட்டு) கட்ட, மாதக்கணக்கில் சேர்த்த டஸ்ட்டை (வேண்டாத கார்டை உடைத்தால் கிடைப்பது, அதைக் கொடுத்து வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம்) கரைத்து, லெஜண்டரிக்கு ஒரு படி கீழான எபிக் கார்டுகள் 4 கிராஃப்ட் செய்தேன். 10 நாள் ராஜ வாழ்க்கை. எதிரில் இருந்தவர்களின் எரிச்சலை நினைத்து ரசித்ததையும் மறைக்கவில்லை.

11ஆம் நாள் அப்டேட். 4 மானா 6 ஆனது, கார்டைத் தூக்கும் வேலையும் போனது. 4ஆவது சுற்றில் அதை இறக்குவதற்கென்றே கட்டிய டெக், மொத்தமாகக் குப்பை.

நெர்ஃப் செய்ததில் எனக்குக் கோபம் இல்லை. செய்யாமல் விட்டால் கேம் செத்துவிடும். அச்சடித்த கார்டில் எழுத்தை மாற்ற முடியாது, தடைதான் வழி. மேஜிக்: தி கேதரிங் என்ற அச்சுக் கார்டு கேமில் 2004இல் ஸ்கல்கிளாம்ப் என்ற கார்டை அச்சாகிச் சில மாதங்களிலேயே ஸ்டாண்டர்ட் (சமீபத்திய கார்டுகளை மட்டும் வைத்து ஆடும்) ஆட்டத்திலிருந்து தூக்கினார்கள். திரையில் இருக்கும் கார்டை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம். ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் கார்டு கேமில் 2020 ஏப்ரலில் டீமன் ஹன்டர் என்ற புது வீரர் வகுப்பு வந்த மறுநாளே அதன் கார்டுகளின் பலத்தைக் குறைத்தார்கள். ஆனால் அங்கே ஒரு மரியாதை உண்டு. சாதாரண நாளில் 1,600 டஸ்ட் கொடுத்துச் செய்யும் லெஜண்டரியை உடைத்தால் 400தான் திரும்பும். நெர்ஃப் ஆன கார்டு என்றால், குறிப்பிட்ட சில நாட்களுக்கு முழு 1,600. அதுவும் மாற்றிய கார்டுக்கு மட்டும்தான். அதை நம்பிச் செய்த மற்ற கார்டுகளுக்கு ஒன்றும் கிடையாது. இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை.

என் கேமில் அந்த மரியாதையும் முழுசாக இல்லை. பேக்கில் வந்த கார்டுக்கும் கிராஃப்ட் செய்த கார்டுக்கும் முழு டஸ்ட் தந்தார்கள். தொகுப்பில் வாங்கிய கார்டை உடைக்கவே முடியாதாம். அதாவது இலவச பேக்கில் அடித்தவனுக்கு ஈடு உண்டு, காசு கட்டியவனுக்குப் பட்டை நாமம். இந்த விதி எங்கே இருந்தது தெரியுமா? வாங்கும் திரையின் அடியில் ஒரு சின்ன 'i' குறி, அதைத் தட்டினால் வரும் நிபந்தனைகளில் மூன்றாவது பக்கம்.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். முதல் பதில், "உங்கள் கருத்துக்கு நன்றி." இரண்டாவது பதில் கொஞ்சம் நேர்மையானது: மெய்நிகர் பொருட்கள் உங்களுக்குச் சொந்தமில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே, எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம். கூகுள் பிளேயில் பணம் திரும்பக் கேட்கலாம் என்றால், 48 மணி நேரம் தாண்டினால் கேமை உருவாக்கியவரையே கேட்கச் சொல்கிறது. அவர்தான் ஏற்கெனவே கைவிரித்துவிட்டாரே.

இன்னொன்றும் உறுத்துகிறது. தொகுப்பு கடையிலிருந்து போனது புதன்கிழமை, நெர்ஃப் வந்தது வெள்ளிக்கிழமை. எந்தக் கார்டை எத்தனை பேர் ஆடுகிறார்கள், எத்தனை முறை ஜெயிக்கிறார்கள் என்ற கணக்கு முழுவதும் அவர்களிடம்தான் இருக்கிறது. புதன்கிழமை அவர்களுக்குத் தெரியாதா? நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, தேதிகள் மட்டும் இருக்கின்றன.

அதனால், புது விரிவாக்கம் வந்த முதல் மாதம் தொகுப்பு எதையும் தொடாதீர்கள். ஆசை அடங்கவில்லை என்றால், நெர்ஃப் ஆனால் தொகுப்புக் கார்டுக்கு என்ன தருவீர்கள் என்று உதவிப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் காசு கட்டுங்கள். டெக்கின் மற்ற கார்டுகளில், அந்த ஒரு கார்டு இல்லாவிட்டாலும் வேறு டெக்கில் ஓடக்கூடியவற்றுக்கு மட்டும் டஸ்ட்டைச் செலவழியுங்கள்.

நேற்று சித்தி மகன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அதே கடை, அதே ஓடும் கடிகாரம், புதுத் தொகுப்பு. கீழே ஒரு வரி: "அண்ணா, இது 3 மானாவாம்."