டியூஷன் அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேனா, ஏர் பியூரிஃபையரா?

பன்னிரண்டுக்குப் பதினைந்தடி மாடி அறை, பத்தடி உயரம், பதினைந்து பிள்ளைகள், ஒரு ஸ்பிளிட் ஏசி. ஒருவனுக்குச் சளி பிடித்தால் அடுத்த வாரம் பாதி வகுப்பு இருமும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ உணவகம் ஒன்றில் மூன்று குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேருக்குக் கொரோனா தொற்றியபோது, ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியது இந்த ஏசிக் காற்றோட்டத்தைத்தான்.

பியூரிஃபையர் மட்டமான பொருள் அல்ல. அதிலுள்ள ஹெப்பா என்னும் நுண்வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். மணிக்கு ஐந்து முறையாவது காற்று மாற வேண்டும் என்பது அமெரிக்காவின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2023இல் சொன்ன அளவு; என் அறைக்கு அது மணிக்கு 255 கனமீட்டர் சுத்தமான காற்று. அந்த அளவு தரும் பியூரிஃபையர் கடையில் கிடைக்கிறது. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருப்பது உச்ச வேகக் கணக்கு. அந்த இரைச்சலில் அல்ஜீப்ரா நடத்த முடியாது. வேகத்தைக் குறைத்தால் கணக்கும் குறையும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. சாக்பீஸ் தூளும் தெருப்புழுதியும் சேரும் அறையில் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகும் விளக்கு எரியும், மோட்டார் ஓடும். வெளிவரும் காற்றுதான் குறைந்திருக்கும். ஹெப்பாவைக் கழுவவும் கூடாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும். அந்த மாடலையே நிறுத்திவிட்டால் வடிகட்டிக்கு எங்கே போவது? எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஈரத்துணியும் தெருமுனை எலக்ட்ரீசியனும் போதும்.

அதனால் ஃபேனையே மாட்டினேன், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில். பக்கத்திலேயே மாட்டினால் புதுக்காற்று பிள்ளைகளைத் தொடாமல் வெளியேறிவிடும். ஜன்னலோரம் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். புகை பெஞ்சுகளைக் கடந்து ஃபேனுக்குப் போனது. கதவடைத்த வகுப்பில் இரண்டாயிரம் பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்ற கணக்கு) தாண்டிய கார்பன் டை ஆக்சைடு மீட்டர், இப்போது ஆயிரத்துக்குள் நிற்கிறது. வெளிக்காற்றில் அது 420 அளவில் இருக்கும். பியூரிஃபையர் கிருமியைக் குறைத்தாலும் இந்த எண்ணைக் குறைக்காது. பிள்ளைகளின் கொட்டாவி அப்படியே இருக்கும்.

திறந்த ஜன்னலை இளக்காரமாக நினைக்க வேண்டாம். பெருவின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், கதவு ஜன்னல்களைத் திறந்த அறைகளில் மணிக்குச் சுமார் 28 முறை காற்று மாறியது. காசநோய்த் தனியறைகளில் இயந்திரக் காற்றோட்டத்துக்கு விதித்திருந்த அளவு 12.

ஏசியோடு சேர்த்து ஓட்டினால் மின்கட்டணம் எவ்வளவு ஏறும் என்பதை ஒரு கோடை கடந்தால்தான் சொல்வேன். கொசுவலை அடித்தால் காற்று குறைகிறது, அடிக்காவிட்டால் மாலை வகுப்பு நடக்காது. ஜன்னலே இல்லாத அறைக்கும், லாரிப்புகை நுழையும் சாலையோர அறைக்கும் பியூரிஃபையரே சரி. வாங்கும்போதே இரண்டு மாற்று வடிகட்டிகளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.