முகவரின் வாய்வார்த்தையை நம்பி நோயாளியை விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்லாதீர்கள்

எழுபத்திரண்டு வயதான என் தந்தைக்கு நுரையீரலில் தழும்பு விழும் நோய் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது பெரிய தொல்லை இல்லை; நடந்தாலோ படி ஏறினாலோ, தோளில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஆக்சிஜன் கருவியின் துணை அவருக்கு வேண்டும். டெல்லியில் என் தங்கையின் குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளில் அவர் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து நேரடி விமானத்தில் பயணச்சீட்டு எடுத்தோம். அந்தப் பயணம் செக்-இன் கவுன்ட்டரிலேயே முடிந்துபோயிற்று.

எங்கள் பகுதியில் பல ஆண்டுகளாக நடக்கும் ஒரு டிராவல்ஸில்தான் பயணச்சீட்டு எடுத்தோம். இணையத்தில் நானே எடுத்திருக்க முடியும். நோயாளியின் விஷயம் என்பதால், விவரம் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே நல்லது என்று நினைத்தேன். அதன் உரிமையாளர் எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்றிதழை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார். கருவியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பயணச்சீட்டுத் தொகைக்கு மேல், மருத்துவ அனுமதிக்கும் சக்கர நாற்காலிக்கும் என்று சொல்லி 4,500 ரூபாய் தனியாகப் பெற்றுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, "எல்லாம் கன்ஃபர்ம்ங்க சார், வீல்சேரும் ஆக்சிஜனும் போட்டாச்சுங்க, அப்பாவத் தைரியமாக் கூட்டிட்டுப் போங்க" என்று குரல் பதிவு அனுப்பினார். அது இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.

கவுன்ட்டரில் இருந்த பெண் ஊழியர் கருவியைப் பார்த்ததும் கணினியில் தேடினார். எங்கள் பதிவில் ஆக்சிஜன் பற்றியோ நோய் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. சக்கர நாற்காலிக்கான குறியீடு மட்டும் இருந்தது. அதுவும் தவறான குறியீடு. சக்கர நாற்காலிக் கோரிக்கையில் மூன்று வகை உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். 'டபிள்யூ.சி.எச்.ஆர்.' என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறி இறங்க முடியும் என்று பொருள். 'டபிள்யூ.சி.எச்.எஸ்.' என்றால் படி ஏற முடியாது. 'டபிள்யூ.சி.எச்.சி.' என்றால் இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும் மனிதருக்கு முகவர் போட்டு வைத்திருந்தது முதல் வகை.

மேலதிகாரி வருவார், மருத்துவப் பிரிவைக் கேட்கிறோம் என்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். கருவியின் மேல் பேட்டரியைக் காட்டும் நான்கு பச்சை விளக்குகள் உண்டு. வீட்டிலிருந்து புறப்படும்போது நான்கும் எரிந்தன. முடியாது என்று அவர்கள் உறுதியாகச் சொன்னபோது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மாற்றுப் பேட்டரியோ, முகவர் சொன்னபடி, பெரிய பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தேன். "விடு கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் இல்லை என்பதுதான் என்னை இன்றுவரை வருத்துகிறது.

மறுநாள் முகவரிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "ஆக்சிஜன்னு சொன்னா ஏத்த மாட்டாங்க சார், அதனாலதான் போடல, நெறையப் பேரு அப்படியே போயிட்டு வந்திருக்காங்க" என்றார். ஆக, மறதியால் விட்டுப்போனது அல்ல, தெரிந்தே மறைத்திருக்கிறார். மறைத்ததற்கு எங்களிடமே கட்டணமும் வாங்கியிருக்கிறார்.

இது எவ்வளவு ஆபத்தானது என்பதை எங்கள் மருத்துவர் விளக்கிய பிறகே உணர்ந்தேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதுபோல் இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாகவே வைத்திருப்பார்கள். ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கே இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு அங்கே சற்றுக் குறையும். கோவையிலேயே இரத்த ஆக்சிஜன் அளவு 93 சதவீதம் மட்டும் காட்டுபவரை மூன்று மணி நேரம் ஊட்டியில் உட்கார வைப்பதாக நினைத்துப் பாருங்கள் என்றார் மருத்துவர். விமான நிறுவனம் முன்கூட்டியே மருத்துவ விவரம் கேட்பது இதற்காகத்தான்.

மருத்துவர் தம் கடிதத்தாளில் எழுதித் தரும் சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 'மெடிஃப்' என்று சொல்லப்படும் மருத்துவத் தகவல் படிவம் ஒன்று உண்டு. அதில் ஒரு பகுதியைப் பயணியும் மற்றொன்றைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் நிரப்ப வேண்டும். நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு அதைப் பார்த்து அனுமதி தந்தால்தான் கணக்கு. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் அனுப்ப வேண்டும். நான் ஒரு வாரத்துக்கு முன்பே அனுப்பச் சொல்வேன், ஏனென்றால் மறு கேள்வி வரும். நான் பிறகு விசாரித்த மூன்று நிறுவனங்களிலும் இந்தப் படிவத்துக்குக் கட்டணம் இல்லை. சக்கர நாற்காலிக்கும் இல்லை.

பேட்டரி விஷயத்திலும் எங்களுக்குச் சொல்லப்பட்டது முற்றிலும் தவறு. மாற்று லித்தியம் பேட்டரிகளை, கவுன்ட்டரில் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணிக்கு மேற்பட்டால் தனி அனுமதி தேவை. அந்த எண் அச்சிடப்படாத பேட்டரியில் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் விடை கிடைக்கும், எங்களுடையது 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 98. பறக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரத்துக்குப் பேட்டரி இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. அந்த ஒன்றரை மணி நேரக் காத்திருப்பில் விளக்குகள் அணைந்ததைப் பார்த்தவன் என்ற முறையில், அதற்கும் மேலாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

விமான நிறுவனத்தின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறன் கொண்ட ஒரு சிறுவனை விமானத்தில் ஏற்ற மறுத்ததற்காக ஒரு நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதன் பிறகு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதியைத் திருத்தியது. அத்தகைய பயணியின் உடல்நிலை வானில் மோசமாகலாம் என்று நிறுவனம் கருதினால், விமான நிலையத்தில் ஒரு மருத்துவர் அவரை நேரில் பரிசோதித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். என் தந்தையை யாரும் நேரில் பரிசோதிக்கவில்லை. தொலைபேசியில் பேசியே முடித்துவிட்டார்கள். கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கேளுங்கள், மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

மூன்று வாரம் கழித்து, படிவத்தை நானே அனுப்பி, மின்னஞ்சலில் அனுமதி பெற்று, அப்பாவை டெல்லிக்கு அழைத்துச் சென்றேன். பெயர் சூட்டும் நாள் அதற்குள் கடந்துவிட்டது. முகவர் பயணச்சீட்டுத் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார். 4,500 ரூபாயைத் தரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கலாம். எனக்குக் கைகொடுக்கப்போவது அந்தக் குரல் பதிவுதான். ஆகவே முகவர் அனுப்பும் எதையும் அழித்துவிடாதீர்கள்.

"மெடிக்கல் அசிஸ்டன்ஸ் செய்து தரப்படும்" என்ற பலகை அந்த அலுவலக வாசலில் இன்றும் இருக்கிறது. அங்கோ அதுபோன்ற வேறோர் இடத்திலோ ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், இன்றே விமான நிறுவனத்தை அழைத்து, பயணச்சீட்டில் உள்ள பி.என்.ஆர். என்ற முன்பதிவு எண்ணைச் சொல்லி, உங்கள் பதிவில் என்னென்ன சிறப்புக் கோரிக்கைகள் இருக்கின்றன என்பதைச் சொல் விடாமல் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.