இறைக்கு இரை: பெயர்ச் சண்டையில் சிக்கிய கேம்களோடு பத்து வருடம்

என் அத்தை கேண்டி கிரஷ் சாகாவில் நான்காயிரத்துச் சொச்சம் லெவலில் இருக்கிறார். ஒரு தீபாவளி லீவில் நான் லேப்டாப்பில் 'தி பேனர் சாகா' ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று பார்த்தார். திரையில் பனிக்காட்டில் ஒரு நீண்ட ஊர்வலம், முன்னால் ஆளைவிடப் பல மடங்கு நீளமான கொடி, நடுவில் கொம்பு முளைத்த ராட்சதர்கள். "என்னப்பா இது, மாட்டுப்பொங்கலா?" என்றார். இதுவும் சாகாதான் அத்தை, உங்கள் கேம் மாதிரியே, என்றேன். "எது சாகாது? அதான் வரிசையா செத்துக்கிட்டு இருக்காங்களே!"

ஆனால் இந்த இரண்டையும் மக்கள் குழப்பிக்கொள்வார்கள் என்று 2013 டிசம்பரில் அமெரிக்க ட்ரேட்மார்க் அலுவலகத்தில் ஆட்சேபம் போட்டது கேண்டி கிரஷ்ஷின் கிங் நிறுவனம். எதிர்த்தரப்பு ஸ்டோயிக். பயோவேர் என்ற பெரிய கேம் கம்பெனியிலிருந்து வெளியே வந்த மூன்று பேர் பேனர் சாகாவுக்காக ஆரம்பித்த கம்பெனி. 2012-இல் மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டு ஏழு லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். கேம் வெளியான 2014 ஜனவரியில் தலைக்கு மேல் இந்த வழக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கேமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சண்டையைப் பற்றிப் பேசுகிற பலர் அதை ஆடியதே இல்லை. நான் மூன்று பாகத்தையும் ஆடி முடித்தேன், முதல் பாகத்தை மட்டும் மூன்று முறை. இதில் ஒருவனுடைய உயிரும் அடியும் ஒரே எண். அடி வாங்க வாங்க அவன் அடிக்கும் பலமும் குறையும். அதோடு இரண்டு பக்கமும் மாறி மாறித்தான் ஆட்டம், அவர்கள் பக்கம் ரெண்டே பேர் மிஞ்சியிருந்தாலும் சரி. அதனால் எதிரியைக் கொல்வதைவிட அரைகுறையாக அடித்து நொண்ட விடுவது நல்லது. செத்துப்போனால் அவன் முறை நல்ல பலத்தோடு இருக்கிறவனுக்குப் போய்விடும், நொண்டி நின்றால் அவனே ஒரு முறையை வீணாக்குவான். எனக்கு இது புரியவே பத்து மணி நேரம் ஆனது, அதுவரை கேமைத் திட்டிக்கொண்டே இருந்தேன். புகழ் என்று ஒரு நாணயம் உண்டு, அதை வைத்துத்தான் ஆளை வளர்க்க வேண்டும், அதே நாணயத்தில்தான் ஊர்வலத்துக்குச் சாப்பாடும் வாங்க வேண்டும். இன்றுவரை நான் ஒரு முறைகூட இரண்டையும் சரியாகச் சமாளித்ததில்லை. குறை என்றால், முதல் பாகத்தில் எதிரி வகை ரொம்பக் கம்மி, பாதிக்கு மேல் ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போடுகிற மாதிரி இருக்கும். ஆஸ்டின் வின்டரியின் இசைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

சரி, வழக்குக்கு வருவோம். கிங் சொன்னது இதுதான்: பேனர் சாகா எங்களைக் காப்பி அடித்தது என்று சொல்லவில்லை, அந்தப் பெயரை வைக்காதே என்றும் சொல்லவில்லை, ஆனால் இதை விட்டுவிட்டால் நாளைக்கு நிஜமான காப்பிக்காரன் வரும்போது எங்கள் வாதம் பலவீனமாகிவிடும். கேட்க எரிச்சலாக இருந்தாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ட்ரேட்மார்க்கைக் காவல் காக்காவிட்டால் அது கையை விட்டுப் போகும், நம் தெருவில் எந்த மெஷின் வைத்திருந்தாலும் அது ஜெராக்ஸ் கடைதானே. ஆனால் ஜெராக்ஸ் என்பது அந்தக் கம்பெனியே உருவாக்கிய பெயர். சாகா என்பது வட ஐரோப்பாவின் வைக்கிங் கதைகளுக்கு நூற்றாண்டுகளாக இருக்கிற பெயர், அதை வைக்கிங் சாயலில் கதை சொல்கிற கேம் வைக்கக் கூடாது, மிட்டாய் கேம் வைக்கலாம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கேண்டி என்ற சொல்லுக்கே விண்ணப்பம் போட்டிருந்தார்கள் என்று தெரிந்ததும் சொந்தமாகச் சின்னச் சின்ன கேம் செய்கிற இண்டி ஆட்கள் கேண்டி ஜாம் என்று ஒரு கூட்டு கேம் திருவிழாவை நடத்தி, மிட்டாயும் சாகாவும் கலந்த கேம்களாகச் செய்து தள்ளினார்கள். பாதி குப்பை, ஆனால் குப்பையாக இருப்பதுதான் அதன் நோக்கமே. 2014 பிப்ரவரியில் கிங் அமெரிக்காவில் கேண்டி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கியது, ஏப்ரலில் ஸ்டோயிக்கோடு சமரசமானது. அதே சமயம் இன்னொன்றும் தீர்ந்தது: கேண்டி கிரஷ்ஷுக்கு முன்பே, 2010-இல் வந்த கேண்டிஸ்வைப் என்ற கேமோடு இருந்த தகராறு. அங்கே கிங் செய்தது சாமர்த்தியம்: கேண்டிஸ்வைப்பைவிடப் பழைய ஒரு பெயரின் உரிமையை விலைக்கு வாங்கி, அதைக் காட்டி கேண்டிஸ்வைப் செய்தவருடைய ட்ரேட்மார்க் பதிவையே ரத்து செய்யப் பார்த்தார்கள். பேனர் சாகா விஷயத்தில் பேசிய நியாயம் எதுவும் இதற்குப் பொருந்தாது.

இத்தனை வருடத்தில் பெயரைப் பார்த்து ஏமாந்து நான் ஒரு கேமும் வாங்கியதில்லை. நான் ஏமாந்தது எண் கட்டங்களை நகர்த்திச் சேர்க்கும் '2048' என்ற கேமில். 2014-இல் ஆபீஸ் பஸ்ஸில் எல்லோரும் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு ஒரு மாதம் முன்பு வந்த 'த்ரீஸ்' என்ற கேமைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. அதைச் செய்தவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது, 2048 ஒரு வார இறுதியில் எழுதப்பட்டது. இரண்டு வருடம் கழித்து த்ரீஸை ஆடிப் பார்த்தபோது, "இது 2048 காப்பி" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், வெட்கமாக இருக்கிறது. விளையாட்டின் விதிகளுக்குக் காப்பிரைட் கிடையாது, அதனால் ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் கேட்க ஆளில்லை. சொல்லை எடுத்தால் வக்கீல் வருவார்.

சொல்கூட வேண்டாம், ஒரு எழுத்து போதும். 'ப்ரே ஃபார் தி காட்ஸ்' என்று மூன்று பேர் ஒரு கேம் செய்துகொண்டிருந்தார்கள். பனிமலை, பசி, குளிர், கொக்கி போட்டுப் பெரிய பூதங்கள் மேல் ஏறிக் கொல்ல வேண்டும். ப்ரே என்ற பெயரைக் கையில் வைத்திருந்த ஜெனிமாக்ஸ் கம்பெனி ஆட்சேபித்தது. கிக்ஸ்டார்ட்டரில் மக்கள் கொடுத்த காசை வக்கீலுக்குக் கொட்டுவதா என்று யோசித்து, 2017-இல் பெயரின் நடுவே ஒரு ஏ-வைச் சேர்த்து, 'இ' எழுத்தோடு ஒட்டிவிட்டார்கள். தமிழில் எழுதினால் பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றுதான், வழக்கே இல்லை! ஆங்கிலத்தில் ப்ரே (prey) என்றால் இரை, அதே உச்சரிப்பில் ப்ரே (pray) என்றால் வேண்டுதல். அந்த மாதிரிச் சிலேடை நம்மிடமும் இருக்கிறது: இரை, இறை. இறைக்கு இரை. இதை நான் அவர்களுக்கு மெயில் போட்டிருக்க வேண்டும். கேம் 2021 டிசம்பரில் முழுதாக வந்தது. ஏறும்போது கேமரா படுத்தும் பாடு கொஞ்சமல்ல, ஆனாலும் முதல் பூதம் பனிக்குள்ளிருந்து எழுகிற இடத்துக்காகவே வைத்திருக்கிறேன்.

'அயன் மெய்டன்' கதை எனக்கு நேரடியாக உறைத்தது. 2018-இல் எர்லி ஆக்சஸில், அதாவது கேம் முழுதாக முடியும் முன்பே, வாங்கினேன். ட்யூக் நூகெம் 3டி ஓடிய அதே பழைய பில்ட் எஞ்சினில் புதிதாகச் செய்த துப்பாக்கி கேம், சிறுவயதில் பிரவுசிங் சென்டரில் ஆடிய ஞாபகம் அப்படியே வரும். 2019 மே மாதம் அயர்ன் மெய்டன் இசைக்குழு இருபது லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. நிஜமாகச் சொல்கிறேன், இதில் குழுவின் பக்கம்தான் நான். அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு அது எதை நினைவூட்டும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? ஜூலையில் பெயர் 'அயன் ஃப்யூரி' ஆனது, ஆகஸ்டில் கேம் வெளியானது. எனக்கு நடந்தது என்னவென்றால், ஒரு ராத்திரி கேம் வாங்கும் ஸ்டீம் தளத்தில் என் லைப்ரரியில் பழைய பெயரைத் தேடு தேடு என்று தேடி, காணோம் என்றதும் ரீஃபண்ட் கேட்க ஆரம்பித்து, பாதியில்தான் நடந்ததே தெரிந்தது.

எல்லாவற்றிலும் பாவம் மோஜாங் கம்பெனியின் 'ஸ்க்ரோல்ஸ்' என்ற சீட்டாட்ட கேம்தான். எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கேம் வரிசையை வைத்திருந்த பெதஸ்டா 2011-இல் நோட்டீஸ் விட்டது, மோஜாங்கை ஆரம்பித்து மைன்கிராஃப்ட் செய்த நாட்ச் பதிலுக்கு, வாருங்கள், க்வேக் 3 என்ற துப்பாக்கி கேமை ஆடித் தீர்த்துக்கொள்வோம் என்றார். வரவில்லை. 2012-இல் பெயரை வைத்துக்கொள்ளலாம், உரிமை பெதஸ்டாவுக்கு என்று முடிந்தது. அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய பெயரில் அந்தச் சீட்டாட்டம் நன்றாகவே இருந்தது, ஆனால் ஆட ஆளில்லை. 2018-இல் சர்வரை மூடி, 'காலர்ஸ் பேன்' என்ற வேறு பெயரில் இலவசமாக விட்டார்கள். ஒரு ஞாயிறு முழுக்க அதை ஓட வைக்க முயன்றேன், எதிரே யாருமில்லை.

வாங்குவதாக இருந்தால் பேனர் சாகா மூன்றையும் சேலில் சேர்த்து வாங்குங்கள், வரிசையாக ஆடுங்கள். நீங்கள் எடுக்கும் முடிவுகள் அடுத்த பாகத்துக்கு வரும், அதனால் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யும் முன் சேவ் ஃபைலை ஒரு பென்டிரைவில் போட்டுவிடுங்கள். நான் போடவில்லை. மூன்றாம் பாகத்தில் யாரோ ஒருவர் வந்து, எனக்குத் தெரியாத ஒரு சாவைப் பற்றி என்னிடம் துக்கம் விசாரித்தார்.