டி.யு.-142 நினைவு பேட்ச்: பாரிமுனைக் கடையில் விமானம் அருமை, எழுத்து சரியில்லை

இந்தியக் கடற்படையின் பழைய கண்காணிப்பு விமானமான டி.யு.-142எம்-ஐ, சட்டையில் ஒட்டும் துணிப் பேட்ச்சில் தைக்கத் தெரிந்த கடைதானா என்று பார்க்க புரொப்பெல்லர் ஒன்றே போதும். நான்கு என்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர். படத்தை அப்படியே போட்டு ஆட்டோ பஞ்சிங் (படத்தைத் தையலாக மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டரிடமே விடுவது) செய்தால் அவை காணாமல் போகும். இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தது வேறு. பார்ப்பவர்கள் ஜெட் என்றே நினைப்பார்கள். பாரிமுனையில் உள்ள இந்தக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில் கையாலேயே பஞ்சிங் செய்கிறார்கள். 90 மி.மீ. பேட்ச்சில் ஒவ்வொரு புரொப்பெல்லர் இதழும் ஒற்றை ஓட்டுத் தையலாக, தனித்தனியாகத் தெரிகிறது. அங்கே சாட்டின் தையல் (நெருக்கமான குறுக்குத் தையல்) போட்டிருந்தால் 1 மி.மீ.க்கும் குறைந்த இடத்தில் ஊசி திரும்பத் திரும்பக் குத்தித் துணியே கிழிந்திருக்கும்.

இந்த அக்கறை அந்த விமானத்துக்குத் தகும். 1988-ல் கடற்படைக்கு வந்து, 1992-ல் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளத்துக்கு மாறி, 2017 மார்ச் 29-ல் ஓய்வு பெறும்வரை கடலைக் காவல் காத்தது அது. அதை ஓட்டிய ஐ.என்.ஏ.எஸ். 312 விமானப் பிரிவுக்கு ‘அல்பட்ராஸ்’ என்று பெயர். இன்று அதே தளத்தில் பறப்பது பி-8ஐ கண்காணிப்பு விமானம்.

குறை எழுத்தில்தான். ‘ராஜாளி’யை 5 மி.மீ. உயரத்தில், வழக்கமான 40-ஆம் நம்பர் நூலிலேயே தைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து அந்த அளவில் ஒருவாறு தப்பிக்கும். ‘ஜ’வின் சுழி நூலால் அடைத்துக்கொண்டது, ‘ளி’யின் கொக்கி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. தமிழுக்கு 8 மி.மீ. உயரமாவது வேண்டும், 40-ஐ விட மெல்லிய 60-ஆம் நம்பர் நூலும் அதற்கேற்ற மெல்லிய 65/9 ஊசியும் வேண்டும்.

பேட்ச்சின் வட்டமும் லேசாக நீள்வட்டமாகியிருக்கிறது. நிரப்புத் தையல் தான் ஓடும் திசையில் துணியை உள்ளே இழுக்கும். துணி இழுபடாமல் தாங்க அடியில் கிழித்தெடுக்கும் பேப்பர் ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள். வெட்டியெடுக்கும் வகை இரண்டு அடுக்கு கேளுங்கள். இழுப்புக்கு ஈடாகப் பஞ்சிங்கிலேயே 0.3 மி.மீ. கூட்டச் சொல்லுங்கள்.

ஓவர்லாக் ஓரம் கெட்டி, பிரியவில்லை. அடியில் ஓடும் பாபின் நூல் மேலே எட்டிப் பார்க்கவில்லை, டென்ஷன் சரி. அயர்ன் செய்து ஒட்டும் பசை வேண்டாம், சில சலவையிலேயே விட்டுவிடும். வெல்க்ரோ கேளுங்கள்: கொக்கிப் பக்கம் பேட்ச்சில், பஞ்சுப் பக்கம் சட்டையில்.

மொத்த ஆர்டருக்கு முன் ஒரு சாம்பிளைத் துணியிலேயே தைத்து வாங்கிப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் ‘ஜ’ எப்போதும் திறந்துதான் இருக்கும்.