பழைய வேகன் ஆருக்கு ஏசி கம்ப்ரசர்: புதுசா, ரீகண்டிஷனா, கழற்றியதா?

எங்கள் வேகன் ஆர் 2007 மாடல், 1061 சிசி எஞ்சின். ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஜாம் ஆனபோது (சுழலாமல் இறுகிப்போனபோது) கிருஷ்ணகிரியில் விசாரித்ததில் மூன்று வழி சொன்னார்கள்: புதுசு, ரீகண்டிஷன் (பழையதைப் பிரித்துப் பழுதுபார்த்தது), வேறு வண்டியில் கழற்றியது. நான் புதுசு போட்டேன். வண்டியை விற்றால் வருகிற காசுக்கு இந்தச் செலவு அதிகம் என்று வீட்டில் சொன்னார்கள். நியாயமான பேச்சுதான். ஆனாலும் இன்னும் சில வருடம் இதே வண்டியை ஓட்டப்போகிறவர்களுக்குப் புதுசுதான் சரி என்பேன்.

முதலில் கம்ப்ரசரையே மாற்ற வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏசியை அணைத்த பிறகும் கரகரவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் அது கம்ப்ரசரில் பெல்ட் ஓடும் புல்லியின் பேரிங். ஏசி போட்டால் மட்டும் சத்தம் என்றால் கோளாறு புல்லியையும் கம்ப்ரசரையும் இணைக்கும் கிளட்சிலோ, கம்ப்ரசருக்கு உள்ளேயோ இருக்கும். பேரிங்கோ, கிளட்சை இழுத்துப் பிடிக்கும் காந்தச் சுருளோ (காயில்) மட்டும் போயிருந்தால் பல வண்டிகளில் கேஸை வெளியேற்றாமலே மாற்றிவிடலாம்.

விலையில் பேச அதிகம் இல்லை. கழற்றியது மலிவு, ரீகண்டிஷன் நடுவில், புதுசு மேலே. பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் கழற்றிய சாமான் நமக்குச் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அது எத்தனை நாள் வாய் திறந்தபடி கிடந்தது என்று கேளுங்கள். R134a என்ற ஏசி கேஸ் போடும் வண்டிகளில் கம்ப்ரசருக்கு ஊற்றும் பேக் (PAG) ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூடி போடாமல் கிடந்த கம்ப்ரசரை நான் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது விலை இல்லை, துகள். மெக்கானிக் பழைய கம்ப்ரசரின் ஹோஸைக் கழற்றி, வழிந்த ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டினார். சாம்பல் நிறம். வெயிலில் பிடித்தால் மினுமினுவென்று அலுமினியப் பொடி. "அண்ணா, இது கம்ப்ரசரோட நிக்கல, லைன் பூரா போயிருக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மை. உள்ளே உராய்ந்து உதிர்கிற பொடி கேஸோடும் ஆயிலோடும் சேர்ந்து முதலில் கேஸின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சருக்குத்தான் போகும். இப்போதைய கன்டென்சர்களில் குழாய்த் துளைகள் மிகச் சிறியவை, ஃபிளஷ் அடித்தாலும் முழுசாக வெளியே வராது. அடுத்து ஈரத்தை உறிஞ்சும் டிரையர், பிறகு கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு. மிச்சம் இருக்கும் பொடி சுற்றி வந்து புதிதாகப் போட்ட கம்ப்ரசரையும் தின்றுவிடும். டிரையரை மாற்றாமல் போட்டால் பல கம்பெனிகள் வாரண்டியே தராது.

ஆகவே எந்தக் கம்ப்ரசர் போட்டாலும், பழையது உள்ளே அரைபட்டு ஜாம் ஆகியிருந்தால் டிரையர், வால்வு, ஓரிங் (இணைப்புகளில் வரும் ரப்பர் வளையம்), முடிந்தால் கன்டென்சர், வாக்கம் (லைனில் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சுவது), கேஸ் எல்லாச் செலவும் உண்டு. அதை முழுசாகச் செய்துவிட்டு நடுவில் ரீகண்டிஷன் வைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. சாதாரணமாக ரீகண்டிஷனில் சீல், பேரிங் மாறும், வெளியே பெயிண்ட் அடிப்பார்கள். உள்ளே தேய்ந்த பாகங்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஆறு மாதத்தில் அது போனால் கேஸ், டிரையர், கூலி எல்லாம் மறுபடி கொடுக்க வேண்டும். விலை வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும்.

தேய்ந்த கம்ப்ரசரை டோல்கேட் வரிசையில் கண்டுபிடிக்கலாம். ஓடும்போது குளிரும், நின்றால் வெறும் காற்றுதான் வரும். கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினால் லோ சைடு (கம்ப்ரசருக்குள் கேஸ் வரும் பக்கம்) ஏறியும் ஹை சைடு (வெளியே போகும் பக்கம்) இறங்கியும் காட்டும். புதுசு போட்டபின் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தாலும் குளிர் குறையவில்லை. ஏற்றத்தில் எஞ்சின் இழுவை மட்டும் முன்போலவே கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. சின்ன எஞ்சினில் அது எந்தக் கம்ப்ரசருக்கும் உண்டு.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வாக்கம் அரை மணி நேரமாவது ஓடட்டும். கேஸை பானட் ஸ்டிக்கரில் இருக்கும் எடைப்படி ஏற்றச் சொல்லுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம்.

என் வண்டி புதுசோடு ஒரு கோடைதான் பார்த்திருக்கிறது. ஐந்து வருடம் உழைக்கும் என்று இப்போதே சொல்ல மாட்டேன். தெரிந்த டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் ரீகண்டிஷன் போட்டு நன்றாகவே ஓட்டுகிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும். வருடத்துக்குள் வண்டியைக் கைமாற்றப்போகிறீர்கள் என்றால் ரீகண்டிஷன் போதும், வாங்குபவரிடம் அதைச் சொல்லியே விற்றுவிடுங்கள். அப்போதும் டிரையரை மட்டும் பழையதையே விடாதீர்கள்.