செல்டா, டிரினிட்டி, ஆன்லைன் டெஃபல்: ஆங்கிலம் கற்பிக்க எந்தச் சான்றிதழுக்குப் பணம் கட்டலாம்?

ஆங்கிலத்தைப் பிறமொழிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு நுழைவுச்சீட்டு என்று விற்கப்படுபவை முக்கியமாக மூன்று: கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டீசால், பிறகு இணையத்தில் கொட்டிக் கிடக்கும் '120 மணி நேர டெஃபல்' (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) படிப்புகள். மணிக்கணக்கைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். செல்டாவுக்குக் குறைந்தது 120 மணி நேரம், டிரினிட்டிக்கு 130. ஆன்லைன்காரர்கள் 120-ஐப் பிடித்துக்கொண்டது தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

வித்தியாசம் வேறோர் எண்ணில் இருக்கிறது: 6. செல்டாவிலும் டிரினிட்டியிலும் நிஜமான மாணவர்கள் முன் 6 மணி நேரம் பாடம் நடத்தியாக வேண்டும். பின்வரிசையில் பயிற்றுநர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். செல்டாவில் குறைந்தது இரண்டு நிலை மாணவர்களுக்கு எடுக்க வேண்டும்; அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை இன்னொரு 6 மணி நேரம் பார்க்கவும் வேண்டும். மதிப்பீடு சரியாக நடக்கிறதா என்று சோதிக்க வெளியிலிருந்து ஒருவர் வருவார். பிரிட்டனில் மொழிப் பள்ளிகளை ஆய்வு செய்யும் பிரிட்டிஷ் கவுன்சில் திட்டமும் ஆசிரியர் தகுதியில் தேடுவது இந்த 6 மணி நேரத்தைத்தான். மலிவான ஆன்லைன் படிப்பில் இருப்பது வீடியோ, பிடிஎஃப், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாள். தவறினால் மறுபடி எழுதலாம். 120 மணி நேரத்தையும் நீங்கள் உண்மையிலேயே செலவிட்டீர்களா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அந்த 6 மணி நேரத்தில் அப்படி என்ன நடக்கிறது? பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்ற ஆங்கில வினைக்கால வடிவத்தை நடத்தும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 'ஐ லிவ்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்', 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று இரண்டு வாக்கியங்கள் பலகையில். முதல் வாக்கியம் முடிந்துபோன குடியிருப்பு; இரண்டாவதில் அவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். புதியவர் இரண்டையும் ஐந்து நிமிடம் விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். பயிற்சியில் முதலில் ஒழிக்கப்படுவது இந்தக் கேள்விதான். அதற்குப் பதில், "இவர் எப்போது இங்கே குடிவந்தார்? இப்போதும் இங்கே இருக்கிறாரா?" என்று கேட்கப் பழக்குவார்கள். இரண்டாவது கேள்விக்கு வகுப்பு தடுமாறினால் பாடம் இன்னும் போய்ச் சேரவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு வகுப்புக்குமான பாடத்திட்டத்தில் பொருள், வடிவம், உச்சரிப்பு மூன்றையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். 'ஐ ஹேவ்' பேச்சில் 'ஐவ்' என்று சுருங்கி, மாணவர் காதில் விழாமலே போகும் என்பதை அந்தத் தாளில் எழுதாதவர் வகுப்பில் கட்டாயம் மாட்டிக்கொள்வார். ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களும் இங்கே சறுக்குவதுண்டு: சரியாகப் பேசுவார்கள், ஏன் சரி என்று கேட்டால் விழிப்பார்கள். இலக்கணத்தைப் படித்துக் கற்றவருக்கு இந்த இடத்தில் கை ஓங்கும்.

செல்டாவில் 750 முதல் 1000 சொற்களுக்குள் நான்கு கட்டுரைகளும் உண்டு. ஒன்று தேறாவிட்டால் திருத்தி ஒரு முறை மறுபடி கொடுக்கலாம். முழுநேரமாக நான்கைந்து வாரத்தில் முடிப்பவர்கள் திணறுவது கட்டுரையின் கடினத்தால் அல்ல. மறுநாள் பாடத்திட்டமும் கட்டுரையும் ஒரே இரவில் வந்து விழுவதால்தான். வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரப் படிப்பையே எடுக்கட்டும்.

டிரினிட்டியில் எங்களுக்கு மிகவும் பிடித்தது 'அறியாத மொழி' பகுதி. உங்களுக்குச் சுத்தமாகத் தெரியாத மொழி ஒன்றில் சில வகுப்புகளுக்கு மாணவராக உட்கார்ந்து, பட்ட பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். ஆசிரியர் வேகமாகப் பேசினால் கீழே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பது அப்போது உறைக்கும். வேலைச் சந்தையில் செல்டா, டிரினிட்டி இரண்டுக்கும் மதிப்பு ஏறக்குறைய ஒன்றே.

குறைகளும் உண்டு. செல்டா பெரியவர்களுக்குக் கற்பிப்பதற்கான படிப்பு. ஆறு வயதுக் குழந்தைகள் முப்பது பேரைச் சமாளிக்க அது போதாது. தேர்வுத்தாள் தயாரிப்பது, ஒரு வருடத்துக்குப் பாடம் வகுப்பது இரண்டையும் அது தொடுவதேயில்லை என்று சொல்லலாம். முழுக்க ஆன்லைனில் நடக்கும் செல்டாவிலும் நிஜ மாணவர்கள் உண்டு, சான்றிதழும் அதேதான். ஆனால் பலகையைப் பயன்படுத்துவதும் மேசை மேசையாகப் போய்க் கவனிப்பதும் அதில் கைக்கு வராது.

விளம்பரத்தில் ஏமாறும் இடம் 'லெவல் 5'. செல்டாவும் டிரினிட்டியும் இங்கிலாந்தின் தகுதிப் பட்டியலில் லெவல் 5 என்பது உண்மை. கற்பித்தல் பயிற்சியே இல்லாத சில ஆன்லைன் டிப்ளமோக்களும் அதே லெவல் 5-இல் முறைப்படி இடம்பெற்றிருக்கின்றன. லெவல் என்பது பாடத்தின் கடினத்தைத்தான் சொல்கிறது, வகுப்பில் நின்றீர்களா என்பதை அல்ல. டெஃபல் என்ற பெயரும் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. ஆகவே பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்: என் வகுப்பை யார் பார்ப்பார்? எத்தனை மணி நேரம்? மாணவர்கள் நிஜமானவர்களா, அல்லது உடன் பயிற்சி பெறுபவர்களே மாணவர்களாக நடிக்கிறார்களா? வெளி மதிப்பீட்டாளரை எந்த அமைப்பு அனுப்புகிறது? நேரான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.

ஆன்லைன் 120 மணி நேரப் படிப்பை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டோம். இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று தொட்டுப் பார்க்கவும், இலக்கணத்தைத் தூசி தட்டவும் அது உதவும். செல்டா நேர்காணலுக்கு முன் நல்ல தயாரிப்பு. அதற்கு மேல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே சில ஆண்டுகள் கற்பித்தவர்கள் மறுபடி நுழைவுச் சான்றிதழுக்குச் செலவழிக்காமல், அனுபவமுள்ள ஆசிரியர்களுக்காகக் கேம்பிரிட்ஜ் வழங்கும், லெவல் 7-இல் இருக்கும் டெல்டாவின் மூன்று பகுதிகளையும் தனித்தனியாக எடுக்கலாம். முதல் பகுதி எழுத்துத் தேர்வு என்பதால் வேலையை விடாமலே தொடங்க முடியும்.